நடுக் கொக்கியில் வியாழன்

1

இந்தக் கதை வானத்தைப் பார்த்துப் பிறந்ததல்ல. "கோள்கள் எப்படி உருவாகின்றன என்று ஒரு கதை கொடுங்கள், அறிவியல் தூக்கலாக வேண்டாம்" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். மறுக்க வாய் வரவில்லை.

முதல் வரி: "ஆதியில் தூசு இருந்தது." (அடித்துவிட்டேன். என் மேசையிலும் அதுதான் இருக்கிறது.)

2

வேறு வழியில்லாமல் ஒரு பெண்ணை அழைத்து வந்தேன். கோளரங்கத்தில் விளக்கம் சொல்பவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலாளர் அவளுடைய தாய்மாமா. (என் வசதிக்காகச் செய்த உறவு என்பீர்கள். ஆமாம்.) இன்று திறப்பு விழா. கூரையில் மாட்டியிருந்த கோள் உருண்டைகளை அண்ணாந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சூரியனை ஒட்டி வியாழனும் சனியும் தொங்கின. பூமி சுவரோரம் போயிருந்தது.

"என்ன மாமா இது?"

"பெரிய உருண்டையைத் தாங்குற கொக்கி நடுவுலதான்மா இருக்கு. ஓரத்துல மாட்டினா கூரையே இறங்கிடும்."

"சூரியன்கிட்ட சூட்டுல பனி தங்காது மாமா. மிஞ்சுறது கல்லும் இரும்பும்தான். அதான் உள்ள இருக்கிற நாலும் சின்னது, கெட்டி. தூரத்துல பனியும் சேர்ந்து ஒட்டிச்சு. கரு பெருத்து, வாயுவை இழுத்துப் போட்டுக்கிட்டு வியாழனும் சனியும் ஊதிப்போச்சு. அதுக்கும் அப்பால இருக்கிற ரெண்டுல வாயு கம்மி, பனிதான் அதிகம்."

"ஊதினது எங்க தொங்கினா என்ன? உன் வேலைக்கு நான்தான் பொறுப்பு ஏத்திருக்கேன். நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிடாதே."

3

தூசு எப்படிக் கோளாகிறது என்றால்…

(தூக்கலாக வேண்டாமாம். சுருக்கமாக: தூசு தூசோடு ஒட்டிக் கல்லாகும். கல் கல்லோடு மோதும். சில உடையும், சில சேரும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இதே சண்டை. மிஞ்சியது தன்னைக் கோள் என்று சொல்லிக்கொள்ளும். கூட்டுக்குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.)

4

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். மாமா மனம் திருந்துகிறார். (எந்த மாமா திருந்தியிருக்கிறார்?)

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறாள். வேலை நிரந்தரம். தினமும் அந்தக் கூரைக்குக் கீழே அதே பொய். எழுதும்போது எனக்கே பாவமாக இருந்தது.

முடிவு மூன்று: வேறு சில விண்மீன்களை ஒட்டியும் பெருங்கோள்கள் உண்டு. தொலைவில் உருவாகி உள்ளே நகர்ந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். "இது வேறொரு விண்மீனின் குடும்பம்" என்று சொல்லித் தப்பிக்கட்டுமே! எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன். அவள்தான் கெடுத்தாள்.

"சுவரோர உருண்டையில பூமின்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கே சார்."

5

விளக்குகள் அணைந்துவிட்டன. முதல் வரிசையில் மாமா. இருட்டில் யாரோ கேட்கிறார்கள்:

"இதுல நாம எங்கம்மா இருக்கோம்?"

அவள் சுட்டும் விளக்கை எடுத்துவிட்டாள். சுவரோரம் பூமி. அது இருக்கவேண்டிய இடத்தில் சனி. மாமா தொண்டையைச் செருமுகிறார். அவள் என்னைப் பார்க்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தாருங்கள், விளக்கை நீங்கள் பிடியுங்கள்.