இரண்டு இடத்தில் பேர்

அமெரிக்காவிலிருந்து நம்பர் வந்துவிட்டது என்று ரஜீவ் போனில் சொன்னதும் நிரஞ்சலாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வருஷமாக அங்கே ஒரு பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்கிற புருஷன். மாசி மாதம் அவளுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டிருந்தான். "வரிக் கடுதாசியில ஒம்பேரையும் போடணும். அதுக்கு ஒனக்கு இந்த நாட்டு நம்பர் ஒன்னு எடுக்கணும்" என்றான். பதுளைத் தபால் கந்தோரில் பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டு நாலு மாதம் அவன் போனையே எதிர்பார்த்துக்கொண்டு இருந்தாள். இப்போது கடிதத்தின் படம் வாட்ஸ்அப்பில் வந்து கிடந்தது. ஆங்கிலம் வாசிக்க வராது. ஒன்பது இலக்கம் தெரிந்தது, மேலே தன் பேர் தெரிந்தது. போதாதா?

இங்கேதான் அவள் புத்தி வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம், பாவி மகள்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு நம்பர் என்றால் என்ன? செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேர் பதிந்து நம்பர் விழுந்தால்தான் வேலை, லயத்தில் குடியிருக்கக் காம்பரா, விறகு, எல்லாம். கல்யாணம் முடித்து ஹல்துமுல்லையிலிருந்து இந்த நமுனுகுலத் தோட்டத்துக்கு வந்தபோது, அங்கே பேரை வெட்டிவிட்டு வந்தால்தான் இங்கே பதிவோம் என்றார்கள். இரண்டு இடத்தில் பேர் இருக்கக் கூடாது. அமெரிக்காக்காரன் மட்டும் விடுவானா? இங்கே பேர் இருப்பது தெரிந்து அந்த நம்பரைப் பிடுங்கிக்கொண்டால்?

மறுநாளே தோட்ட ஆபீசில் போய் நின்றாள்.

"பேர வெட்டிருங்கய்யா. எனக்கு அமெரிக்காவுல பதிஞ்சாச்சு."

கிளாக்கர் அந்தோனிப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா யோசிச்சியாம்மா? வெட்டினா திரும்பப் பதிய ஏலாது. புதுப் பதிவ நிப்பாட்டி ரெண்டு வருஷமாச்சு."

"புருஷங்கிட்டப் போறதுக்கு என்னங்கய்யா யோசன?"

நல்ல மனுஷன், மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பன்னிரண்டு வருஷம் கொழுந்து பறித்த இருநூற்றிப் பதிமூன்றாம் நம்பரின் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்தது. லயத்துக்குத் திரும்பியதும் தன் புதுக் கொழுந்துக் கூடையைப் பக்கத்துக் காம்பரா ரெங்கம்மாவுக்குக் கொடுத்தாள். "எனக்கினி எதுக்குக்கா?"

சனிக்கிழமை பதுளைக்கு பஸ் ஏறினாள். நிஸாமின் போட்டோகொப்பிக் கடையில் கடிதத்தை அச்செடுத்து லேமினேட் பண்ணச் சொன்னாள். நிஸாம் தாளை மிஷினில் விட்டபடியே வாசித்தார்.

"தங்கச்சி, இதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"நம்பருதான, நிஸாம் நானா?"

"நம்பர்தான். வெளிநாட்டாளுக்கு வரிக் கணக்குக்கு மட்டும் குடுக்குறது. இத வச்சு அங்க வேல செய்ய ஏலாது, தங்கவும் ஏலாது. அவங்களே எழுதிருக்காங்க."

மிஷினின் மறுபக்கம் கடிதம் சுடச்சுட வெளியே வந்தது. அதற்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் வந்தாள்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே ரஜீவுக்குப் போன் போட்டாள்.

"ஒம்பேரப் போட்டா வரி கொறையும்னுதான் எடுத்தேன். ஒன்னையக் கூப்பிடுறேன்னு நா எப்பச் சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தாள். ஆறு வருஷத்துப் பேச்சையும் துழாவிப் பார்த்தாள். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டது அத்தனையும்.

"இங்க பேர வெட்டிட்டேங்க" என்றாள்.

"யாரு வெட்டச் சொன்னது?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தான்.

திங்கட்கிழமை ஆபீசில் அந்தோனிப்பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கைக்காசுக்கு வாம்மா. எடுக்குற கொழுந்துக்கு அன்னன்னைக்குச் சம்பளம். காம்பராவத் தோட்டத்துத் தொர திருப்பிக் கேட்டா நா என்னத்தச் சொல்ல?" என்றார்.

அடுத்த நாள் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கங்காணி நம்பர் கூப்பிட்டார். இருநூற்றிப் பன்னிரண்டு என்றார். நிரஞ்சலா வாயைத் திறந்துவிட்டாள். இருநூற்றிப் பதினாலு என்றார்.

"கைக்காசு ஆளுங்க ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்றாள். முன் வரிசையில் ரெங்கம்மாவின் முதுகில் நிரஞ்சலாவின் புதுக் கூடை இருந்தது.