அம்மா நினைவாக ஒரு மதியச் சாப்பாடு

படுக்கை விரிப்பைச் சரக்கென்று இழுத்தாள் அபிநயா. அடியிலிருந்த ரப்பர் ஷீட் காய்ந்திருந்தது. தலையணையை எடுத்து மோந்து பார்த்தாள். தேங்காயெண்ணெய் வாடை, அவ்வளவுதான். படுத்தபடி கை நீட்டினால் பெல் சுவிட்ச் எட்டுமா? தானே கட்டிலில் படுத்து நீட்டிப் பார்த்தாள். எட்டியது.

வெளியே ஹாலில் அவள் கணவன் ஆதவனின் குரல் உயர்ந்தது. “இந்த வருஷம் வெயில் ஜாஸ்திங்க மேடம்.”

அதுதான் சிக்னல். முதியோர் இல்லத்தை நடத்தும் சரசு இந்தப் பக்கம் வருகிறாள். அபிநயா எழுந்து விரிப்பை நீவிவிட்டு, பக்கத்து அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள்.

அங்கே ஒரு பெரியவர் சுவர்ப்பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். எழுந்து நடக்க முடியாதவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. நர்ஸ் வேலையிலிருக்கும் தோழி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “ஹாலைப் பாக்காத, வாசல்ல இருக்கற பூச்செடியைப் பாக்காத. படுத்துக் கிடக்கறவங்க முதுகைப் பாரு. புண்ணு இருந்தா பேசாம வந்துடு.”

தூங்குகிறார் என்று நினைத்து, அவர் சட்டை நுனியை மெல்லத் தூக்கினாள்.

“புண்ணு இல்லம்மா” என்றார் பெரியவர், சுவரைப் பார்த்தபடியே. “நேரா நேரத்துக்குப் பொரட்டிப் போடறாங்க.”

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். “மன்னிச்சிடுங்க ஐயா. நான் வந்து...”

“சோறு போட வந்த பார்ட்டிதான நீ? சட்டையை எறக்கி விட்டுட்டுப் போ. ஃபேன் காத்து முதுகுல அடிக்குது.”

இறக்கி விட்டாள். காதுமடல் வரை எரிந்தது.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். அம்மா உண்ணாமலை, கீழ்பென்னாத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு இவர்களோடு திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தவள். ஆதவன் ஆபீசுக்கும் அபிநயா பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் பகல் முழுக்கத் தனி. முழுப் பரீட்சை சமயத்தில் ஒருநாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, மகள் வந்து கதவைத் திறக்கும் வரை ஈரத் தரையிலேயே கிடந்தாள். இடுப்பு தப்பியது. அடுத்த தடவை தப்புமா? நம்பி விடுகிற மாதிரி ஓர் இடம் கிடைத்தால்தான் அம்மாவிடம் பேச்சையே எடுப்பது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அம்மாவுக்கு இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யோசனை ஆதவனுடையது. “ஆள் சேக்க வந்தோம்னு சொன்னா ஹாலைக் காட்டி காபி குடுத்து அனுப்பிடுவாங்க. அன்னதானம்னு சொல்லு, சமையல்கட்டு வரைக்கும் விடுவாங்க.” இந்த ஊரில் சோறு போட வருகிறவனை யாரும் தடுப்பதில்லை.

சரியாகத்தான் இருந்தது, சரசு அந்தக் கேள்வியைக் கேட்கும் வரை. “யாரு நினைவா சார்?”

“மாமியார்ங்க” என்றுவிட்டான் ஆதவன்.

அபிநயா அவனை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போனாள். “அறிவிருக்கா? கல்யாண நாள்னு சொல்லக் கூடாதா?”

“நினைவான்னு கேட்டாங்க, வாய்ல வந்துடுச்சு. போய்ச் சொல்லிடட்டுமா?”

சொல்லியிருக்கலாம். “இப்ப போய் மாத்தினா சந்தேகம் வரும். இருக்கட்டும்” என்றது அபிநயாதான்.

இப்போது பந்தி தயாராகிக்கொண்டிருந்தது. சாம்பாரில் காய் இருந்தது. பரிமாறுகிறவர்கள் தலையில் துணி கட்டியிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்களின் கைகளை ஓரக்கண்ணால் பார்த்தாள். அத்தனை பேருக்கும் நகம் வெட்டியிருந்தது. ஒரு குறையும் அகப்படவில்லை. அம்மாவை இங்கே விடலாம். நெஞ்சுக்குள் ஏதோ இளகிய அந்த நேரத்தில், முன்வரிசையிலிருந்த ஓர் அம்மாள் கேட்டாள். சரசு அவளைக் கன்னியம்மா என்று கூப்பிட்டது காதில் விழுந்திருந்தது.

“பாப்பா, போட்டோ எங்க? போட்டோ வெச்சி கும்பிட்டுட்டுதான இங்க சாப்புடுவோம்?”

“கொண்டாரலைங்க.”

“போன்ல கூடவா இல்ல?”

எல்லா முகங்களும் இவளைப் பார்த்தன. வேறு வழியில்லை. போன பொங்கலுக்கு எடுத்த படம், அம்மா கரும்பைக் கையில் வைத்துச் சிரிக்கிறாள். ஆதவன் போனை வாங்கி, சொம்பில் சாய்த்து நிறுத்தினான். கன்னியம்மாள் சாமி படத்திலிருந்த கதம்பத்தில் ஒரு துண்டு கிள்ளி வந்து போனின் தலையில் போட்டாள். யாரோ கர்ப்பூரம் ஏற்றினார்கள். திரை அணைந்துவிடாமல் ஆதவன் அதைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தான்.

“சிரிச்ச மொகம்” என்றாள் கன்னியம்மாள். “கடைசி வரைக்கும் உன் கூடவா இருந்துச்சு?”

“ம்.”

“குடுத்து வெச்ச மகராசி.”

எல்லாரும் கண்ணை மூடிக் கை கூப்பினார்கள். அபிநயாவும் கூப்பினாள். உயிரோடிருக்கும் அம்மாவின் படத்துக்கு முன்னால்.

போன் அடித்தது.

பூவுக்கு அடியில் திரை பளிச்சென்று மின்னியது. அதே கரும்பு, அதே சிரிப்பு, கீழே கொட்டை எழுத்தில் ‘அம்மா’.

ஆதவன் கை பாதியில் நின்றது. கன்னியம்மாள் குனிந்து திரையைப் பார்த்தாள், பிறகு அபிநயாவை.

“எடு பாப்பா. சாம்பார் வாசனை அங்க வரைக்கும் போயிடுச்சி போலக்குது.”

பின்வரிசையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து இருமினார். அதற்குள் சரசு வந்து போனை எடுத்தாள். பூவைத் தட்டிவிட்டு, திரையை ஒருகணம் உற்றுப் பார்த்தாள். மணி ஓயும் வரை அப்படியே நின்றாள். “நீங்க எல்லாம் சாப்பிடுங்க” என்று பந்தியிடம் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு நடந்தாள். இருவரும் பின்னால் போனார்கள்.

அபிநயா ஒன்றையும் மறைக்கவில்லை. பாத்ரூமில் விழுந்தது, தலையணையை மோந்தது, பெரியவரின் முதுகு எல்லாவற்றையும் கொட்டினாள். “உண்மையைச் சொல்லி வந்தா உண்மையைக் காட்ட மாட்டீங்கன்னு நினைச்சேங்க.”

“வேவு பாக்க வர்றது எனக்குப் புதுசில்லம்மா. தண்ணித் தொட்டியை எட்டிப் பாக்க ஏறி, எறங்கத் தெரியாம நின்னவரு கூட இருக்காரு. ஆனா ஆளைச் சாகடிச்சிட்டு வந்தது நீங்கதான்.”

“வாய் தவறிடுச்சுங்க மேடம்” என்றான் ஆதவன்.

“இடம் நல்லா இருக்குங்க” என்றாள் அபிநயா. “அம்மாவை இங்கதான் சேக்கணும்னு நினைச்சேன். இனிமே எந்த மூஞ்சை வெச்சிக்கிட்டுக் கூட்டியாருவேன்?”

“நீங்க கூட்டியார வேணாம்.”

“சேத்துக்க மாட்டீங்களா?”

“அவங்களே வந்துட்டுப் போயிட்டாங்க.” சரசு போனை அவள் கையில் வைத்தாள். “படத்தைக் கிட்ட பாத்ததும் தெரிஞ்சிடுச்சி. போன பௌர்ணமி அன்னிக்கு ஆட்டோல வந்து எறங்கினாங்க.”

போன பௌர்ணமி. ஆட்டோவில் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினாள் அம்மா. திரும்பி வந்து, நெற்றி நிறைய விபூதியோடு, நல்ல தரிசனம் என்றாள்.

“எதையும் சோதிச்சுப் பாக்கலம்மா அவங்க. எனக்கு ஒரு எடம் வேணும்னு நேரா கேட்டாங்க. பிள்ளைங்க இருந்தா அவங்களைக் கூப்பிட்டுப் பேசிட்டுதான் சேப்போம்னு சொன்னேன். எனக்கு யாரும் இல்லன்னுட்டாங்க. சரி, கட்டில் காலியானா சொல்றேன்னு அனுப்பினேன்.”

சரசு உள்ளே திரும்பப் போனவள் நின்றாள்.

“கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து ஒண்ணு கேட்டாங்க. ஞாயித்துக்கிழமைல யாராவது பாக்க வந்தா உள்ள விடுவீங்களானு.”