கழற்றியதும் தானாக மாறும் திரை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. லிங்கராஜபுரத்தில் ஒரு ஞானஸ்நான விருந்து. எதிரே வந்து உட்கார்ந்த ஒருவர், என் பெயரைக்கூடக் கேட்காமல், மேசையிலிருந்து கழற்றியதும் தன் மடிக்கணினியின் திரை எப்படித் தானாக மாறிக்கொள்கிறது என்று விளக்கத் தொடங்கினார். என் பிரியாணி ஆறியது. பக்கத்தில் அவர் மனைவி வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அந்தத் திரும்பலில் பல வருடப் பயிற்சி தெரிந்தது. எழுதுகிறவனுக்குப் பழிவாங்க வேறு ஆயுதம் ஏது? அவரைப் பிடித்துக் கதைக்குள் போட்டேன். ஞானசேகரன் என்று பெயர் வைத்தேன். கதைக்குள் வந்த பிறகு என்ன மரியாதை, அவன் என்றே சொல்கிறேன்.

(அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: நான்தான் அந்த ஞானசேகரன் என்று சந்தேகப்படாதீர்கள். எனக்குக் கைப்பேசியில் மணி ஓசையை மாற்றவே ஆள் வேண்டும்.)

2

"பெங்களூரின் இதமான காலைக் குளிரில் ஞானசேகரன் தன்" என்று தொடங்கி அங்கேயே விட்டேன். இதமான குளிர் என்று எழுதினால் பின்னாலேயே காபி வரும், காபி வந்தால் ஜன்னலோரம் வரும், அப்புறம் யாராவது பெருமூச்சு விட்டாக வேண்டும். அவன் வேலை பார்த்தது அடுகோடியில், ஒரு லேத் பட்டறையின் மாடியில். அங்கே பெருமூச்சு விட்டால் இரும்புத்தூள்தான் மூக்கில் ஏறும்.

"மனிதனும் ஒரு மடிக்கணினிதான். அலுவலகத்தில் ஒரு முகம், வீட்டில்" இதையும் பாதியில் நிறுத்தினேன். இந்த உவமை உங்களுக்கு முதல் பத்தியிலேயே தோன்றியிருக்கும். தோன்றட்டும். என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

நேராகவே சொல்கிறேன். 2008, ஓசூர் சாலையில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம். முதலாளி ஸ்ரீகண்டன் எல்லாக் கணினிகளிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சுதந்திரம், சமூகம் என்று பேசுவார். காசு கொடுக்க வேண்டாம் என்பதுதான் அதில் அவருக்குப் பிடித்த சுதந்திரம். பிறகு எங்கோ மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து டாக்குகளை அள்ளிக்கொண்டு வந்தார். டாக் என்பது மடிக்கணினியை உட்கார வைக்கிற பீடம். மேலே வைத்து அழுத்தினால் பெரிய திரை, கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒரேயடியாக இணைந்துகொள்ள வேண்டும்.

லினக்ஸ் அதைச் சட்டை செய்யவில்லை. காலையில் வைத்தால் பெரிய திரை கறுப்பாகவே நிற்கும். மாலையில் கழற்றினால் இன்னும் மோசம்: திரையில் திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் எல்லாம் அந்த இல்லாத பெரிய திரையிலேயே தங்கிவிடும், மடிக்கணினியில் வெறும் நீலம். ஒரு கட்டளை தட்டினால் சரியாகிவிடும். கட்டளை தட்ட வேண்டிய ஜன்னலும் அந்தப் பக்கம்தான் போயிருக்கும். நன்றாகப் படித்த பொறியாளர்கள் தினமும் கணினியை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டு, அதை முன்னேற்றம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

3

ஞானசேகரனுக்கு இது பொறுக்கவில்லை. சக ஊழியர்கள் படும் பாட்டைக் கண்டு அல்ல. அவலட்சணமாக இருக்கிறதே என்றுதான். இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அவனிடம் இருக்கும் குணமே இதுதான்.

அவன் ஒரு சின்ன நிரல் எழுதினான். மடிக்கணினி டாக்கில் உட்கார்ந்ததா எழுந்ததா என்று அது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தால் பெரிய திரையை எழுப்பும். எழுந்தால் எல்லா ஜன்னல்களையும் சிறிய திரைக்குக் கூட்டி வரும். சொல்லும்போது எளிது. இதற்காக அவன், மனைவி பவுலின் பாடகர் குழுவில் தனியாகப் பாடிய அறுப்பின் பண்டிகை ஆராதனையிலிருந்து பாதியில் எழுந்து போனான். பவுலின் அன்று இரவு வேறு பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் அதையும் கவனிக்கவில்லை.

நிரல் வேலை செய்தது. மாடி முழுக்கப் போட்டான். ஒரு வாரம் எல்லோரும் தேவையில்லாமல் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். ஸ்ரீகண்டனும் கண்ணாடி அறையிலிருந்து வந்து பார்த்தார்.

"சக்கத்தா இருக்கு ஞானா. அப்ப மிஷின எடுத்தா உன் ப்ரோகிராமுக்குத் தெரிஞ்சிடும், இல்ல?"

அமெரிக்காவில் வங்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்த மாதம் அது. ஸ்ரீகண்டன் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது கீழே லேத்காரர்களுக்குக்கூடத் தெரியும். அந்தக் கேள்வியின் வாடை வேறு யாருக்கானாலும் எட்டியிருக்கும். ஞானசேகரனுக்குத் தன் குழந்தையை ஒருவர் கொஞ்சியது மட்டும்தான் கேட்டது.

"அந்த செகண்டே தெரியும் சார்" என்றான். யாருடைய மடிக்கணினி, எந்த மேசை என்பதும் தெரியும் என்று கேட்காமலே சேர்த்துச் சொன்னான். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெட்டது பக்கத்துக் குளத்துத் தவளை.

"அப்ப ஒவ்வொரு வாட்டியும் எனக்கு ஒரு மெயில் வர்ற மாதிரி பண்ணிடு. திங்கக்கெழமைலேந்து. ஸ்வல்ப டிசிப்ளின் வேணும்பா."

4

அந்தத் தவளைக்குப் பெயர் தாரணி.

அவள் எனக்கு வசப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் வரைவில் அவளை அழவைத்தேன். அடுத்ததில் முதலாளி அறைக்குள் புகுந்து முழங்கவைத்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். அழுவதற்கும் முழங்குவதற்கும் நேரம் உள்ளவள் இல்லை அவள்.

கிருஷ்ணகிரிக்காரி. வீடு சந்தாபுராவில். கணவனுக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பகலில் சந்திரம்மா என்பவரின் வீட்டில் விட்டு வருகிறாள். சந்திரம்மா கெட்டவர் அல்ல, ஆனால் பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திவிடுவார். அதற்குமேல் குழந்தை, தன் பையோடும் செருப்போடும், வெளியே படியில் உட்கார்ந்திருக்கும். மேம்பால வேலையால் பேருந்து ஊர்ந்து போகிற அந்தச் சாலையில் இருட்டுவதற்குள் சந்தாபுரா சேர வேண்டுமென்றால் தாரணி நல்ல வெயிலிலேயே கிளம்ப வேண்டும். கிளம்பினாள். மீதி வேலையைக் குழந்தைக்குச் சோறூட்டிய பிறகு வீட்டிலிருந்து முடித்தாள். அவள் வேலையில் ஒரு குறை யாரும் சொன்னதில்லை. ஸ்ரீகண்டனின் நாற்காலி மேசைகளுக்கு முதுகு காட்டியிருந்தது. மற்றவர்கள் பார்த்தும் பார்க்காதவர்களாக இருந்தார்கள். அந்த மாடியில் இருந்த ஒரே நாகரிகம் அதுதான்.

வெள்ளிக்கிழமை மாடிப்படியில் ஞானசேகரன் அவளிடம் விஷயத்தைச் சொன்னான். சொன்னான் என்பதற்காக ஒரு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் திங்கட்கிழமை முதல் அவள் கிளம்பும் நேரம் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்பதைச் சொல்வதற்கு முன், அந்த மெயில் எவ்வளவு நறுக்கென்று போகிறது என்பதை விளக்கினான்.

அவள் முழுவதும் கேட்டாள். "எம் பேர மட்டும் அதுலருந்து எடுத்துட முடியாதா சேகரண்ணா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். பிறகு சொன்னான்: "ஒருத்தருக்காகத் தனியா ஒரு வரி எழுதினா ப்ரோகிராம் கோடு அசிங்கமாயிடும்மா."

[இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நானே உண்டாக்கிய ஆள்தான். ஆனாலும்.]

"எம்புள்ள படியில உக்காந்துட்டிருக்கும்ணா" என்றாள் தாரணி. "அது அசிங்கமில்லையா?"

கீழே லேத் ஓடத் தொடங்கியது. அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனாள்.

5

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

ஞானசேகரன் மனம் திருந்துகிறான், ராஜினாமாக் கடிதத்தை வீசுகிறான். இது பிடித்தவர்கள் தயவுசெய்து இந்தக் கதையை இத்துடன் நிறுத்திவிடுங்கள். வீட்டுக் கடன் கட்டுகிற யாரும் எதையும் வீசுவதில்லை. இன்னொன்று: திங்கட்கிழமை லினக்ஸே மக்கர் பண்ணி மெயில் போகாமல் நின்றுவிடுகிறது. நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணின் பிழைப்பை லினக்ஸின் கருணையில் விட எனக்குத் துணிச்சல் இல்லை.

மூன்றாவது, தாரணிக்கு வேலை போகிறது. கதைக்கு நல்லது இதுதான். அவள் வேலை போனால் நீங்கள் பக்கத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். கனமான கதை என்று எனக்கும் பெயர் கிடைக்கும். அவளைக் காப்பாற்றினால் என் கதை அசிங்கமாயிடு

இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். அவனுக்கு அவன் கோடு, எனக்கு என் கதை. இதுவரை அவனை ஏசியதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

6

ஞாயிறு மதியம் அவன் நிரலைத் திறந்து உட்கார்ந்தான். ஒரு வரி போதும். பவுலின் சாப்பிடக் கூப்பிட்டாள், மூடிவிட்டு எழுந்தான். வரியைச் சேர்த்துவிட்டு மூடினானா, சேர்க்காமலா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை. வெயில் இன்னும் இறங்கவில்லை. தாரணி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். டாக்கின் பக்கவாட்டில் உள்ள பொத்தானில் கை வைத்தாள். எதிர் மேசையிலிருந்து ஞானசேகரன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அழுத்தினாள்.

பெரிய திரை அணைந்தது. சிறிய திரை வெளிச்சமானது. அவள் கழற்றிய மடிக்கணினியைக் கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். மெயில் போயிற்றா இல்லையா என்பது அந்த மாடியில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆமாம், இல்லை என்று தலையை அசைத்தால்கூடப் போதும் அவளுக்கு.

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு ஜன்னல்கூடத் தவறவில்லை. எல்லாம் வரிசை மாறாமல் வந்து சேர்ந்திருந்தன. அவன் சிரித்தான்.

இனி உங்கள் பாடு. கண்ணாடி அறையில் ஸ்ரீகண்டன் நாற்காலியைத் திருப்பினாரா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி முடித்தாலும் இருட்டுவதற்குள் அவளைச் சந்தாபுரா சேர்த்துவிடுங்கள். யாரை வேண்டுமானாலும் நல்லவனாக்குங்கள், எந்த வரியை வேண்டுமானாலும் அடியுங்கள். அந்தச் சிரிப்பை மட்டும் அடிக்காதீர்கள்.