மை போட்ட கை

சுடலைக்கண்ணன் கெட்டவன் இல்லை. கைதான் கெட்டது. யாராவது ஒரு சொல் கூடுதலாகப் பேசிவிட்டால், அந்தச் சொல் இவன் காதில் முழுதாக விழுவதற்குள் இவன் கை எதிராளியின் கன்னத்தில் விழுந்திருக்கும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் காற்றாலை இறக்கை ஏற்றிப் போகிற நீள லாரிகளுக்கு கிரீஸ் அடிக்கும் ஷெட்டில் அவனுக்கு வேலை. அங்கே அவனிடம் அறை வாங்காத டிரைவர் குறைவு. ஆனாலும் சுடலை அடித்தால்தான் வண்டி ஓடும் என்று அவனிடமே கொண்டுவந்து நிறுத்துவார்கள். வேலை அப்படி. பெண்டாட்டி அந்த வேலையைப் பார்த்துத்தான் வந்தாள், கையைப் பார்த்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து அக்காள் பேச்சிச்செல்வி வீட்டில்தான் அவனுக்குச் சோறு.

அக்காள் புருஷன் பாண்டியராஜ் குதிரை வண்டிப் பந்தயக்காரன். ஓட்டப்பிடாரம் பக்கம் எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தயம் என்றாலும் அவன் வண்டி நிற்கும். அவன் சாரதி, சுடலைக்கண்ணன் மைக்காரன். பேரிங் வைத்த சக்கரத்தை அந்தப் பக்கத்துப் பந்தயங்களில் விடமாட்டார்கள். மரச்சக்கரம், இரும்பு அச்சு, சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் குடத்துக்குள் மை. விளக்கெண்ணெயைக் காய்ச்சி, வைக்கோல் கரியைப் பொடித்துப் போட்டு, லாரி கிரீஸையும் சேர்த்துப் பிசைந்து வைத்திருப்பான். வெயிலில் மை இளகி வழிந்துவிடும் என்பதால் வண்டி கோட்டில் வந்து நின்ற பிறகுதான் போடவேண்டும். அச்சு முனையில் குத்தியிருக்கும் கடையாணியை உருவி, சக்கரத்தை வெளியே இழுத்து, அச்சில் மையைத் தடவி, சக்கரத்தை உள்ளே தள்ளி, ஆணியை மறுபடி குத்தவேண்டும். உருவிய ஆணியைத் தரையில் வைக்கக்கூடாது. அந்தக் கடற்கரையில் மண் பாதி, உப்பு பாதி. ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே போனாலும் அச்சை அறுத்துவிடும். அதனால் மைக்காரர்கள் எல்லாரும் ஆணியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. மைக்காரன் அச்சில் கை வைத்த பிறகு வேறு யாரும் குனிந்து சக்கரத்தைப் பார்க்கமாட்டார்கள். பார்த்தால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். அதற்காகவே வெட்டுக்குத்து நடந்த ஊர்கள் இருக்கின்றன. மைக்காரன் வேலையை முடித்துச் சக்கரத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டுவான். அது கேட்டால் போதும், சாரதி முன்னால் குதிரையின் காதைப் பார்த்தபடி கொடிக்குக் காத்திருப்பான்.

அன்றைக்குப் பந்தயம் கடற்கரைச் சாலையில். இரண்டு பக்கமும் உப்பளம், வெயில் கண்ணைக் குத்தியது. நடுத்தர உயரக் குதிரை பூட்டிய நடுக்குதிரை வண்டிகள் வரிசையாக நின்றன. சுடலைக்கண்ணன் இடது சக்கரத்தை முடித்துவிட்டு வலது சக்கரத்தில் இருந்தான். மை போட்டாயிற்று, சக்கரத்தை உள்ளே தள்ளியும் ஆயிற்று. ஆணி மட்டும் இன்னும் பல்லில் இருந்தது.

பக்கத்து வண்டிக்கு மைக்காரன் அய்யாக்குட்டி. ஆள் ஓணான் மாதிரி ஒல்லி, நாக்கு மட்டும் முழ நீளம்.

"ஏலே சுடலை, நல்லா வழிச்சுப் போடுலே. அக்கா வீட்டுச் சோறு சும்மா வருமா? மச்சான் வண்டிக்கு அடியில கெடந்தாத்தான கஞ்சி ஊத்துவா?"

வாய் சும்மா இருந்திருந்தால் சுடலைக்கண்ணன் இதைவிடக் கேவலமாக நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பான், அதோடு போயிருக்கும். ஆணியைக் கடித்துக்கொண்டு உறுமத்தான் முடிந்தது. அந்த உறுமலைக் கேட்டு அய்யாக்குட்டிக்குக் குஷி கூடிவிட்டது.

"என்னலே, நாய் மாரி உறுமுத? இப்படி உறுமி உறுமித்தானலே பொண்டாட்டிய ஓடவிட்ட? கை நீட்டுத பயலுக்கு எவ இருப்பா? சவத்து மூதி."

அது பொய்யாக இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பான். உண்மை என்பதால்தான் உச்சந்தலை வரை எரிந்தது. சக்கரத்தில் ஓங்கிக் கையை ஊன்றி எழுந்தான். அந்த அடி மேலே உட்கார்ந்திருந்த பாண்டியராஜுக்குக் கேட்டது. மைத்துனன் வேலையை முடித்துவிட்டான் என்று லகானை இழுத்துப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தான்.

முதல் குத்து அய்யாக்குட்டியின் மூக்கில். மளுக்கென்று ஏதோ உடைந்தது. இரண்டாவது மை டப்பாவால். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அய்யாக்குட்டியும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, இவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சரிந்தான். இருவரும் கட்டிப் புரண்டு வரப்பைத் தாண்டி உப்புப் பாத்திக்குள் விழுந்தார்கள். உப்புத் தண்ணீர் காயத்தில் பட்டதும் அய்யாக்குட்டி அலறினான். சுடலைக்கண்ணன் அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினான். குமிழி வந்தது, விடவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கவேண்டும் போல்தான் இருந்தது. அவ்வளவு சுகமாக இருந்தது அவனுக்கு. எப்படியோ நழுவி எழுந்த அய்யாக்குட்டி, வரப்பில் கிடந்த உப்பு வாரும் பலகையை எடுத்து ஒரே வீச்சாக இவன் வாயில் வீசினான்.

பொட்டென்று சத்தம் தலைக்குள்ளேயே கேட்டது. வாய் நிறைய ரத்தம். உள்ளங்கையில் துப்பினான். இரண்டு பல், ஒரு துண்டு உதட்டுச் சதை, கூடவே கடையாணி.

சாலையில் கூட்டம் ஆர்ப்பரித்தது. கொடி விழுந்துவிட்டது.

சுடலைக்கண்ணன் பல்லையும் சதையையும் உதறிவிட்டான். ஆணியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வரப்பேறி ஓடினான். வண்டிகள் புழுதிக்குள் போய்விட்டன. "நிறுத்துங்கலே" என்று கத்தினான். கிழிந்த வாயிலிருந்து ரத்தமும் காற்றும்தான் வந்தன. மச்சானுக்கு உற்சாகம் கொடுக்கிறான் என்று நினைத்து இருபுறமும் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். வண்டிகளைத் துரத்திப் போன பைக் ஒன்றைப் பிடித்து, பின்னால் இருந்தவனைச் சட்டையோடு இழுத்துத் தரையில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

வளைவுக்கு முன்னால் புழுதி விலகியது. பாண்டியராஜின் வண்டிதான் முதலில் போய்க்கொண்டிருந்தது. வலது சக்கரம் அச்சின் மேல் மெல்ல வெளியே நகர்ந்து வருவதைச் சுடலைக்கண்ணன் பார்த்தான். மை கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் சக்கரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முனகியிருக்கும், சாரதி சத்தத்தைக் கேட்டு நிறுத்தியிருப்பான். இவன் போட்ட மை வெண்ணெய். சக்கரம் ஒரு சத்தமும் இல்லாமல் நகர்ந்தது. வளைவில் குதிரை திரும்பியதும் கழன்று தனியாக உப்பளத்துக்குள் உருண்டு போனது. அச்சு முனை தாரில் இறங்கித் தீப்பொறி பறந்தது. பாண்டியராஜ் முன்னால் தூக்கி எறியப்பட்டான். அவன் குதிரையே அவனை மிதித்தது. பின்னால் வந்த வண்டி நிறுத்த முடியாமல் அவன் நெஞ்சின் மேல் ஏறி இறங்கியது.

சுடலைக்கண்ணன் போய் மடியில் எடுத்தபோது மூச்சு இல்லை. நெஞ்சுக்கூடு உள்ளே அமுங்கியிருந்தது. முன்னங்கால் முறிந்த குதிரை ஏர்க்காலுக்கு இடையில் மாட்டிக்கொண்டு மனுஷன் மாதிரி கதறியது.

பந்தயக் கமிட்டி முத்துக்கனி அண்ணாச்சிதான் அச்சு முனையை முதலில் பார்த்தார்.

"கடையாணி எங்கலே? ஏலே, ஆணிய உருவிட்டானுவலே!"

கூட்டத்துக்கு அதன்பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. அய்யாக்குட்டி எதற்குச் சண்டை இழுத்தான்? மைக்காரனைச் சக்கரத்தைவிட்டு நகர்த்தத்தான். ஆணியை உருவியது யார்? அவன் ஆள்தான். அச்சு மாதிரிப் பொருந்துகிற கதை. சுடலைக்கண்ணனுக்கே அதைக் கேட்டபோது ஒரு கணம் அப்படித்தான் நடந்ததோ என்று தோன்றியிருக்கும், பொத்திய கைக்குள் ஆணி உறுத்தாமல் இருந்திருந்தால்.

பைக்கில் போன நாலு பேர் அய்யாக்குட்டியை உப்பளத்திலிருந்து தரதரவென்று இழுத்து வந்தார்கள். கரண்டு கம்பத்தில் லகான் வாரால் கட்டினார்கள். சவுக்குக் கம்பு, செருப்பு, கல், கையில் கிடைத்ததையெல்லாம் வீசினார்கள். ஒருவன் அவன் விரல்களைக் கம்பத்தோடு வைத்துக் கல்லால் நசுக்கினான். "இந்த விரல்தானலே உருவுச்சு?" என்று கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக நசுக்கினான். அய்யாக்குட்டியின் கால் மடிந்து உடம்பு வாரில் தொங்கியது.

"விலகுங்கலே, மச்சினன் வாரான்" என்று முத்துக்கனி வழிவிட்டார். "ஒனக்குத்தாம்லே உரிமை. போடு" என்று உடைந்த ஏர்க்கால் துண்டு ஒன்றைச் சுடலைக்கண்ணன் கையில் திணித்தார்.

சொல்லத்தான் வந்தான். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தான். ஆனால் அவனுக்குப் பேசுவதைவிட அடிப்பது எப்போதும் சுலபம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கையில் கட்டை இருந்தது, கை தானாக ஓங்கியது. அய்யாக்குட்டியின் தோளெலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

"நா தொடலலே," என்றான் அய்யாக்குட்டி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சுடலை, எம்புள்ள மேல ஆணை. நா வாயிதாம்லே பேசுனேன். ஆணியத் தொடல."

கட்டை கீழே விழுந்தது. சுடலைக்கண்ணன் பொத்திய கையை விரித்து, எல்லாருக்கும் தெரியும்படி ஆணியைத் தூக்கிக் காட்டினான். "எங்கிட்ட" என்று சொல்லப் பார்த்தான். நாக்கு வீங்கி வாயை அடைத்திருந்தது. வார்த்தைக்குப் பதில் ரத்தம் கொழகொழவென்று வழிந்தது.

"பாத்தியளா! அவன் மடியிலேர்ந்து எடுத்துட்டாம்லே! ஆணி அவங்கிட்டதான் இருந்திருக்கு!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

ஆகாயம் இடிந்த மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. இதுவரை அடிக்காதவர்களும் இப்போது அடிக்க வந்தார்கள். ஒருவன் பைக்கிலிருந்து பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அய்யாக்குட்டி என்று ஒருவன் இருக்கமாட்டான்.

சுடலைக்கண்ணன் கம்பத்தைச் சேர்த்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். முதுகில் அடி விழுந்தது. தலையில் விழுந்தது. "நவுருலே கூறுகெட்டவனே" என்று இழுத்தார்கள். விடவில்லை. பெட்ரோல் அவன் முதுகிலும் தெறித்தது. அடி விழ விழ, பிடி இறுகியது.

"யக்கா வாராவ! விலகுங்க!"

பேச்சிச்செல்வியைப் பந்தயம் முடிகிற இடத்திலிருந்து பைக்கில் கூட்டி வந்திருந்தார்கள். ஜெயித்து வரும் புருஷன் கழுத்தில் போட வைத்திருந்த மாலை இன்னும் கையில் இருந்தது. புருஷனைப் பார்த்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. யாரோ அவள் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, நவுந்துக்கோ" என்றாள்.

சுடலைக்கண்ணன் திரும்பி அவள் காலில் விழுந்தான். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துப் பிய்த்துச் சொன்னான். "அவன் இல்லக்கா. நாந்தான். ஆணி எம்பல்லுல இருந்துச்சு. குத்தல. சண்டைக்குப் போயிட்டேன்."

அவள் குனிந்து அவன் முகத்தைத் தூக்கி, உடைந்த பல்லையும் கிழிந்த உதட்டையும் பார்த்தாள்.

"என்னம்மா சொல்லுதான்?" என்று முத்துக்கனி கேட்டார்.

அவள் நினைத்திருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். புருஷன் போய்விட்டான், மிச்சம் இருப்பது தம்பி ஒருத்தன்தான். கூட்டம் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. சுடலைக்கண்ணனும் பார்த்தான். சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்று, வெட்கங்கெட்ட மனசு, ஒரு கணம் ஆசைப்பட்டது.

"அந்த ஆள அவுத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுட்டுப் போங்க," என்றாள் பேச்சிச்செல்வி. "எம்புருசனக் கொன்னது எந்தம்பி. ஆணி குத்த மறந்துட்டு அடிதடிக்குப் போயிருக்கான்."

தீப்பெட்டியை உப்புத் தண்ணீருக்குள் எறிந்தாள். கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாலு பேர் வாரை அறுத்து அய்யாக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சுடலைக்கண்ணன் முழங்காலில் நின்று அடிக்குக் காத்திருந்தான். யாரும் அடிக்கவில்லை. முத்துக்கனி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனார். கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டு போனது. கீழே கிடந்த ஏர்க்கால் துண்டை எடுத்து அக்காளிடம் நீட்டினான்.

"அடிக்கா. கொன்னு போட்டுரு. ஒன் கையால அடிக்கா."

அவள் அதை வாங்கவில்லை.

"அடிக்கதுக்கு நீ எனக்கு யாருலே?" என்றாள். பிறகு நடந்துபோய்ப் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.