சிவப்பு போகும் வரைக்கும்

அளக்கும் அறையில் அன்று காலை ஐந்து பேர் இருந்தார்கள். முதுகு சாயும் நாற்காலி ஒன்றுதான், அதில் மேனேஜர். கணிப்பொறி மேசையின் ஓரத்தில், தாளும் பேனாவுமாக ஆபீஸ் குமாஸ்தா. உருளை வைத்த தன் முக்காலியில் கேமராக்காரர். கதவருகே, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் விளிம்பில் கிரைண்டர்காரன். யாரும் உட்காரச் சொல்லாததால் பாதி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே, பவுடர் டிரம்மின் மேல் அவனுடைய அண்ணி. பட்டறையில் அவளுக்குப் பவுடரக்கா என்று பெயர்.

ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்தது. நடுவிலிருந்த மேடையில் பம்புச் சக்கரத்தை வைத்தால், விளக்கு அதன்மேல் கோடு கோடாக வெளிச்சம் போடும். சக்கரத்தின் வளைந்த இதழ்களில் கோடுகள் நெளியும். இரண்டு கேமராக்கள் அந்த நெளிவைப் பிடித்து, சக்கரத்தின் வடிவத்தைத் திரையில் எழுப்பும். அளவு சரியான இடம் பச்சை, குறைந்த இடம் நீலம், மிஞ்சிய இடம் சிவப்பு; அதைக் கிரைண்டரில் தேய்த்து எடுக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தைக் கேமராவால் பார்க்க முடியாது. அதனால் முதலில் வெள்ளைப் பவுடர் அடிக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. அக்கா பவுடர் போட்டுவிட்டால் இரும்புக்குக்கூட மாப்பிள்ளை அமைந்துவிடும் என்பார் கேமராக்காரர். அன்று அவர் அதைச் சொல்லவில்லை.

இங்கிருந்து சக்கரம் வாங்கிய கம்பெனியில் மூன்று சக்கரங்கள் ஓடும்போதே உடைந்திருந்தன. மூன்றிலும் இதழ் அடியோடு முறிந்திருந்தது; அடிப்பகுதி இருக்க வேண்டியதைவிட மெலிந்திருந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது. மூன்றையும் தேய்த்தவன் கிரைண்டர்காரன். அவன் வேலை நிற்குமா போகுமா என்று முடிவு செய்யத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏன் அவ்வளவு தேய்த்தாய் என்று மேனேஜர் கேட்டார்.

"சிவப்பு போற வரைக்கும் தேய்னு சொன்னாங்க சார். விரல வச்சா மேடா ஒண்ணும் தட்டுப்படல. படத்துல சிவப்பா இருந்துச்சு. தேய்ச்சேன்."

உன் விரலை நம்பியா மெஷின் வாங்கினோம் என்றார் மேனேஜர். குமாஸ்தா அதை எழுதுவதா வேண்டாமா என்று நிமிர்ந்து பார்த்தார்.

அவள் எழுந்தாள். ஒரு சக்கரத்தை அளந்து காட்ட அனுமதி கேட்டாள். இன்னும் கிரைண்டர் படாத புதுச் சக்கரம் ஒன்றை மேடையில் வைத்து, ஆறு மாதமாக அடிக்கும் மலிவுப் பவுடரை, தினமும் அடிப்பது போலவே அடித்தாள். கேமராக்காரர் பொத்தானை அழுத்தினார். கோடுகள் ஓடின. திரையில் ஏழு இதழ்களின் அடியிலும் சிவப்பு.

பிறகு ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைத்து, உலரவிட்டு, அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய டப்பா ஒன்றை எடுத்தாள். முன்பு வாங்கிய நைசான பவுடர். அடியில் கொஞ்சம் மிச்சம். மூச்சு விட்டது போல மெல்லிசாகப் படிந்தது. மறுபடி கோடுகள் ஓடின. ஏழு இதழ்களும் பச்சை.

"மூலையில கெட்டியா உக்காருதுன்னு முதல் வாரமே சொன்னேன் சார். மெஷின் பவுடரையும் இரும்புன்னு எடுத்துக்குது. என் கொழுந்தன் அதுக்குக் கீழ இருக்கிற நிஜ இரும்பத் தேய்ச்சிருக்கார்."

கேமராக்காரர் காலால் தரையை உந்தி, முக்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். கோடு தெளிவாக விழுகிறது, அடியுங்கள் என்று அன்றைக்குச் சொன்னவர் அவர்தான்.

மேனேஜர் திரையை வெகுநேரம் பார்த்தார். அந்தப் பவுடரில் அளந்து எத்தனை போயிருக்கும் என்று கேட்டார். நாலாயிரம் இருக்கும் என்றார் கேமராக்காரர்.

"புரியுதும்மா. நீ சொல்றது சரிதான்," என்றார் மேனேஜர். அவள் டப்பாவை மூடினாள். "ஆனா அளவு தப்புன்னு நான் எழுதினா நாலாயிரமும் திரும்பி வரும். ஆள் தப்புன்னு எழுதினா மூணோட போச்சு." பிறகு, நாளையிலிருந்து பழைய பவுடரையே வாங்க ஏற்பாடு செய்யும்படி குமாஸ்தாவிடம் சொன்னார்.

நாலாயிரமும் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றனவே என்றாள் அவள். அது உன் வேலை இல்லை என்றார்.

குமாஸ்தா கம்பெனிக்கான பதிலை எழுதி முடித்து வாசித்தார். அளவிடும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது, குறை ஏதும் இல்லை. கவனமின்றித் தேய்த்த தொழிலாளி இன்று முதல் நீக்கப்பட்டார். சோதனையைச் செய்தவள் என்ற முறையில் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் பேனாவைத் தொடவில்லை. கட்டாயமில்லை, ஆனால் அந்த வேலைக்கு வெளியே நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றார் மேனேஜர்.

கிரைண்டர்காரன் எழுந்து வந்து பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"போடுங்க அண்ணி. வீட்டுல ஒரு ஆளுக்காவது வேலை இருக்கட்டும்."

அவள் போட்டாள்.

குமாஸ்தா தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்து, பசை தடவி, அளவுகோலால் அழுத்தித் தேய்த்தார். தபால் கொண்டுபோகும் ஆள் அன்று லீவு. குமாஸ்தா சுற்றிலும் பார்த்துவிட்டு, கிரைண்டர்காரனிடம் உறையை நீட்டினார். நீ எப்படியும் வெளியேதானே போகிறாய், போகிற வழியில் போட்டுவிடு என்றார்.

அவள் கேட் வரைக்கும் கூடவே நடந்தாள். எதிர்ச் சாரியில் தபால்பெட்டி இருந்தது. அவன் சாலையைக் கடந்து போய், உறையை நிமிர்த்தி, முகவரி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தான். பிறகு உள்ளே போட்டான். எங்காவது ஓரத்தில் சிக்கியிருக்குமோ என்று பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுத் தடவி, ஒன்றும் தட்டுப்படாததும்தான் கையை எடுத்தான்.