பெட்டியில் மூன்று பழுது

மேடையேறப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான் ஜெயலட்சுமி தன் கணவனிடம் அந்த நல்ல சேதியைச் சொன்னாள்.

"ஏங்க, உங்க பெட்டியில ரெண்டு மூணு கேபிள் முடிச்சு போட்டுக் கிடந்துச்சே, நேத்து அதையெல்லாம் அவுத்து அழகா சுத்தி வெச்சேன். பார்த்தீங்களா?"

கணேசமூர்த்தி பார்த்திருந்தான். காலையில் பெட்டியைத் திறந்ததும், நமக்குத்தான் எவ்வளவு தொழில் சுத்தம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டும் இருந்தான்.

சவுண்டு வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மைக் கேபிள் பழுதானால் முனையில் ஒரு முடிச்சு. தொடாதே என்று அர்த்தம். நேரம் கிடைத்துச் சரிசெய்யும்வரை அது முடிச்சோடு கிடக்கும். மூர்த்திக்கு எட்டு மாதமாக நேரம் கிடைக்கவில்லை. இப்போது பதினாறு கேபிளில் மூன்று பழுது. எந்த மூன்று? பன்னிரண்டு ஏற்கெனவே மேடைக் கம்பளத்துக்கு அடியில் போய்விட்டன.

"பிரமாதம், ஜெயா" என்றான்.

வேறென்ன சொல்வான்? ஆறு வருடத்துக்கு முன்னால், பெங்களூர் பக்கம் அத்திபெலேயில் ஒரு கம்பெனி விழாவை இவள் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தபோது மைக் செத்தது. கூட்டம் விசிலடித்தது. படியிறங்கி ஓடியவள் அப்புறம் எந்த மேடையிலும் ஏறவில்லை. அன்றைக்கும் சவுண்டு அவனுடையதுதான். இந்த நர்சிங் காலேஜ் பட்டமளிப்பு விழாவுக்கு அவளைச் சம்மதிக்க வைக்கவே நாலு மாதம் ஆனது. இன்னொரு தடவை மைக் செத்தால், இவள் வாழ்நாளில் மேடைப் பக்கம் திரும்பமாட்டாள்.

மிக்ஸரில் இருந்த கூட்டாளி எதிராஜிடம் ஓடினான்.

"டெஸ்டர்ல போட்டுப் பாரேன் மூர்த்தி."

"சும்மா இருக்கும்போது பச்சை லைட்டுதான் எரியும். ஆட்டினாத்தான் கட் ஆவுது."

"அவங்களுக்கு கார்ட்லெஸ் குடுத்துடு."

"அது பிரின்சிபால் மேடம் கையில. முடிஞ்சா நீ வாங்கிக்கினு வா."

எதிராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். "நல்ல குடும்பம்யா. நீ சோம்பேறி, அவங்க சுறுசுறுப்பு. நடுவுல மாட்டினவன் நான்."

மூர்த்தி மேடையில் தவழ்ந்து ஒவ்வொரு கேபிளையும் ஆட்டினான். தபலா மைக்கில் கரகரவென்றது. ஒன்று. கடவுள் வாழ்த்து மைக்கில் சுத்தமாகச் செத்தது. இரண்டு. உபரியிலிருந்து இரண்டை ஆட்டிப் பார்த்து மாற்றினான். போடியம் கேபிளை ஆட்டியபோது எதிராஜ் கட்டைவிரலைக் காட்டினான். மூன்றாவதைத் தேடுவதற்குள் குத்துவிளக்கு ஏற்றிவிட்டார்கள். இறங்க வழியில்லாமல், போடியத்தைச் சுற்றிக் கட்டிய துணிக்குப் பின்னால் மூர்த்தி புகுந்துகொண்டான்.

அங்கிருந்து ஜெயாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வரவேற்பு நன்றாகப் போயிற்று. உறுதிமொழியும் முடிந்தது. பட்டம் வாங்குபவர்களின் பட்டியலைப் பிரித்தவள், மைக்கைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்தாள்.

டப்.

அறுநூறு பேர் அமைதியானார்கள். எங்கோ முதல் விசில் கேட்டது. அவளுடைய இடது பாதம் படியைப் பார்த்துத் திரும்பியது. அந்தப் பாதத்தை அவனுக்குத் தெரியும். கேபிளை முறுக்கினான், மடக்கினான், அமுக்கினான். வியர்வையில் விரல் வழுக்கியது. பாதம் ஓர் அடி எடுத்து வைத்தது. எட்டிக் காலைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தான். அறுநூறு நர்சுகள் முன்னிலையில் பெண்டாட்டி காலில் விழுந்தவன் என்ற பெயர் வரும். பரவாயில்லை என்று கையை நீட்டினான்.

பாதம் தானாகவே திரும்பி வந்தது.

"எல்லரிகூ கேளிஸ்தா இதெயா?" மைக் இல்லாத வெறும் குரல். எல்லாருக்கும் கேட்கிறதா என்று கன்னடத்தில் கேட்டதில் நடுக்கம் இருந்தது.

"இதெ மேடம்!" முன்வரிசை கத்தியது.

"கடைசி வரிசைத் தமிழ்ப் பிள்ளைங்களுக்கு?"

"கேக்குது, கேக்குது!"

அரங்கம் சிரித்தது. அவள் முதல் பெயரைக் கூப்பிட்டாள், தெரு முனையில் நிற்கும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி.

துணிக்கு அடியில் நிபுணர் இன்னும் கேபிளை முறுக்கிக்கொண்டிருந்தார். தபலாவிலிருந்து ஒன்றை உருவி மாட்டுவதற்குள் அவள் பதினொரு பேரைக் கூப்பிட்டிருந்தாள். மைக்குக்கு உயிர் வந்து அவள் குரலே பெரிதாகக் கேட்டதும் "ஐயோ" என்றாள். அதற்கும் கைதட்டினார்கள்.

பதிமூன்றாவது பெயருக்கு முன்னால், அவள் காலால் தள்ளிவிட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று துணிக்கு அடியில் உருண்டு வந்தது. தான் அங்கே இருப்பது அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கிற தைரியம் மூர்த்திக்கு இல்லை. மடக்மடக்கென்று குடித்தான்.