கைகள் பேசிய ஏழு நாள்

அலுவலகத்தில் அவருக்குப் 'பென்சில்' என்று பெயர். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு, அதையே மேசை முழுக்கத் தேடுகிற ஆள். படகைத் தனியாக வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகப் போய் ஆழ்கடலில் முக்குளிக்க வருபவர்களுக்குப் பயணத்தை வகுத்துக் கொடுப்பது அவர் வேலை. படகை ஓட்டுவது என் வேலை.

டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். சுவரில் ஓர் அங்குலம் விடாமல் கடல் வரைபடங்கள். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்க முக்குளிப்பவர்கள் இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகளை வைத்திருப்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தவன்தான். ஒருமுறை, "பத்தே முக்காலுக்கு நீரோட்டம் நிக்கும், அப்ப இறக்குங்க" என்று எழுதிக் கொடுத்திருந்தார். பத்து நாற்பத்திரண்டுக்கு நின்றது. அன்றோடு என் வாய் அடைபட்டது.

ஆனால் அந்த மூன்று பேர் வந்த நாளில் அது மறுபடி திறந்தது.

ஓர் அண்ணன், ஒரு தங்கை, ஒரு தம்பி. மூவருக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அண்ணன் அச்சகம் வைத்திருந்தார். தங்கை மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தீட்டுபவர். தம்பி மரவேலைக்காரர். மூவரும் முறையாக முக்குளிக்கக் கற்றுச் சான்றிதழும் வாங்கியிருந்தார்கள். கூடவே அண்ணி வந்திருந்தார். அவருக்குக் காது கேட்கும். இவர்கள் கையால் பேசுவதை நமக்கு வாயால் சொல்பவர் அவர்தான்.

பென்சில் பதற்றத்தில் அண்ணனைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "எத்தனை நாள் போகணும்?"

அண்ணி காதைப் பொத்திக்கொண்டார். "கத்தாதீங்க மேடம். அவருக்கு எப்படியும் கேக்காது, எனக்குத்தான் காது போயிடும்."

அண்ணன் அண்ணியின் உதட்டசைவைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பென்சிலும் சிரித்துவிட்டார்.

ஏழு நாள், ஐந்து தீவு என்று பேசி முடித்து அவர்கள் படியிறங்கியதும் நான் சொன்னேன்: "இது நடக்காதுங்க. படகுல தீப்பிடிச்சா அலாரம் கேக்குமா? தண்ணிக்குள்ள இருக்கறவங்களை மேல வரச்சொல்லி எஞ்சினை உறும விட்டா கேக்குமா? உசிர் விஷயம். என்னால முடியாது."

அவர் வாதாடவில்லை. "மூணு நாள் டைம் குடுங்க கேப்டன்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகுத்துறைக்கு வந்து நின்றார். இரண்டு காதிலும் பஞ்சு, அதன்மேல் எஞ்சின் அறைக்காரர்கள் போடும் தடித்த காதுமூடி. கையில் நோட்டு. எங்களைப் படகை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நாள் முழுக்க அப்படியே இருந்தார். நங்கூரச் சங்கிலி தடதடவென்று இறங்கியபோது, அது தெரியாமல் நடந்துகொண்டிருந்தவர் படகு குலுங்கியதில் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். சமையல்காரர் பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் தேநீரைக் கொட்டினார். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். சாயங்காலம் காதுமூடியைக் கழற்றியபோது காதெல்லாம் சிவந்திருந்தது.

"முப்பத்தொரு இடம்" என்றார். "எங்கெல்லாம் நாம காதை நம்பி இருக்கோம்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

மூன்றாம் நாள் மேசையில் திட்டத்தை விரித்தார். ஒவ்வொரு அறையிலும் அலாரத்தோடு மின்னும் விளக்கு; தலையணைக்கடியில் அதிரும் கருவி. மூன்று முகத்தையும் கண்ணால் பார்க்காமல் நான் எஞ்சினைத் தொடக்கூடாது. அமாவாசையை ஒட்டி நீரோட்டம் வேகமாக இருக்கும் என்பதால் பயணத்தையே ஐந்து நாள் தள்ளிப் போட்டிருந்தார். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் தீவுகள் மட்டும். கலங்கிய கழிமுகத்தை அடித்துவிட்டார். முக்குளித்த கையோடு விமானத்தில் பறப்பது உடம்புக்கு ஆபத்து; கடைசி நாள் விமானம் ஏறுகிறார்கள் என்பதால் அதற்கு முந்தைய நாள் காலையோடு முக்குளிப்பு முடிந்துவிடும்.

இதெல்லாம் நானும் யோசித்திருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீள மேசையை எடுத்துவிட்டு வட்ட மேசை போடச் சொன்னார்.

"எதுக்குங்க?"

"நீள மேசையில ஒரே வரிசையில உக்காந்தா ஒருத்தர் கையை ஒருத்தர் பாக்க முடியாது. சாப்பாட்டு நேரத்துல அவங்க வாயைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடும்."

இறங்குமுன் விளக்கம் சொல்ல ஆட்கள் நிற்கும் இடத்தைக்கூட மாற்றியிருந்தார். காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் சொல்பவரின் கையும் முகமும் கருப்பாகத்தானே தெரியும்? பதினோரு வருடமாகப் படகோட்டுகிறேன், என் புத்திக்கு இது எட்டவில்லை. இன்னொரு வரியும் இருந்தது: ஊதி மேலே விடும் ஆரஞ்சு மிதவையை வழிகாட்டி மட்டுமல்ல, மூவருமே ஆளுக்கொன்று வைத்திருக்க வேண்டும்.

"சரி, போறேன்" என்றேன்.

எங்கள் வழிகாட்டியை எல்லோரும் மீன்கொத்தி என்போம். தலைகீழாகத்தான் தண்ணீரில் விழுவார். பென்சில் அவரையும் என்னையும் சமையல்காரரையும் உட்காரவைத்து, அண்ணியிடம் பத்து நாள் சைகை படிக்க வைத்தார். என் கைகளோ ஸ்டீயரிங்கைத் தவிர எதையும் பிடித்துப் பழகாதவை. நான் 'நன்றி' என்று காட்டியது 'வாந்தி வருகிறது' என்பது போல் இருந்ததாக அண்ணி சொன்னார்.

பயணத்தின் முதல் மூன்று நாள் வெண்ணெயில் கத்தி போனதுபோல் போனது. நான்காம் நாள் செங்குத்தான பவளச் சுவர் ஒன்றருகே நிறுத்தினேன். அண்ணி மேல்தளத்தில் என்னோடு இருந்தார். மற்ற மூவரும் மீன்கொத்தியோடு இறங்கினார்கள்.

இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும். தண்ணீரில் ஓர் ஆரஞ்சு மிதவை எழுந்தது. திட்டப்படி நாற்பதாவது நிமிடத்தில்தான் வரவேண்டும். பக்கத்திலேயே இரண்டாவது மிதவையும் எழுந்தது. இரண்டு மிதவை என்றால், 'உதவி வேண்டும், ஆனால் ஒழுங்காக மேலே வருகிறோம்' என்பது பென்சில் வைத்த ஏற்பாடு. சிறுபடகில் ஆளை அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

மெதுவாக, மிக மெதுவாக, நான்கு தலைகள் மேலே வந்தன. நடுவில் மீன்கொத்தி, சுண்ணாம்பாக வெளுத்துப்போய். தங்கை அவருடைய கையை இறுகப் பிடித்திருந்தார்.

மீன்கொத்தியைப் படகில் ஏற்றிப் படுக்கவைத்தோம். "காதுங்க" என்றார் அவர். "பதினெட்டு மீட்டர்ல ஒரு காது அடைச்சு டக்குனு விட்டுச்சு. தலை கிறுகிறுன்னு சுத்திருச்சு. மேல எது, கீழ எதுன்னே தெரியல. நான் ஆழத்தைப் பாத்து நீந்திக்கிட்டிருந்தேன்."

நடந்ததை அண்ணி ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சொன்னார். மற்றவர்களுக்குத் தண்ணீருக்கடியில் பத்துப் பதினைந்து சைகைதான் உண்டு: காற்று குறைகிறது, மேலே போ, எல்லாம் சரி. இவர்களுக்கோ முழு மொழியே இருக்கிறது. வழிகாட்டியின் கால் உதைப்பு மாறியதைத் தங்கை பார்த்திருக்கிறார். சுவரோரம் சற்றுத் தள்ளி இருந்த அண்ணனை, விளக்கை ஆட்டித் திரும்பிப் பார்க்க வைத்து, முழு வாக்கியமாகச் சொல்லியிருக்கிறார்: "அவருக்குத் தலை சுத்துது, பயப்படல, நான் பிடிக்கிறேன், நீ பின்னால வா, தம்பியும் நீயும் மிதவை விடுங்க." விதிப்படி ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிறுத்தி, மூச்சைச் சீராக்கி, அப்புறம்தான் மேலே கொண்டுவந்திருக்கிறார்கள். எந்தக் காதும் கேட்காத இடத்தில், நம்மில் ஒருவர்தான் ஊமையாக இருந்திருக்கிறார். அவரை அழைத்துவந்தது பேசத் தெரிந்த மூன்று பேர்.

மருத்துவர் தொலைபேசியில் சொன்னபடி மீன்கொத்தி மிச்ச நாட்கள் தண்ணீரில் இறங்கவில்லை. அடுத்த தீவில் வேறொரு வழிகாட்டியைப் பென்சில் தொலைபேசியிலேயே அன்று மாலைக்குள் ஏற்பாடு செய்துவிட்டார். பயணம் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகவில்லை.

திரும்பி வந்த மறுநாள் மாடியேறிப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முடியாதுன்னு சொன்னது என் தப்புங்க" என்றும் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வேறொன்றுதான் கேட்டார்.

"அவரைப் பிடிச்சுக்கிட்டு வர்றப்ப வேற என்ன பேசிக்கிட்டாங்களாம்?"

"தங்கச்சி தம்பிகிட்ட சொல்லிச்சாம்: 'இவரை நானும் அண்ணனும் பாத்துக்கறோம். உனக்கு வலப்பக்கம் பெரிய ஆமை ஒண்ணு வருது. சீக்கிரம் பாரு, போயிடப் போவுது.'"

"பாத்தாரா?"

"பாத்தாராம்."

பென்சில் சிரித்த சிரிப்பில் கீழே டயர் கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.